புளி போட்டுத் துலக்கிய படம்

பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் பொறுத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. என் மடியில் துண்டு சுற்றிக் கிடந்த பொட்டலத்தைக் கண்ணால் காட்டி, “இன்னாம்மா அது, கைக்கொழந்தையாட்டம் புடிச்சிகினு வர்றீங்க?” என்று கேட்டார்.

“செம்புத் தகடுங்க.”

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “இரிடியமா?”

கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, கோடிக்கு விலை போகும் என்று சொல்லி ஊரை ஏமாற்றும் ஆட்களைப் பற்றிப் பினாங்கில் இருந்துகொண்டே நானும் செய்தி படித்திருக்கிறேன். என்னைப் பார்த்தால் அந்தக் கூட்டம் மாதிரியா இருக்கிறது? எரிச்சலை அடக்கிக்கொண்டு, “படம்ங்க. நான் வரைஞ்சது. ஒரு பொண்ணோட முகம்” என்றேன்.

“படத்த எதுக்கும்மா செம்புல போடணும்? பேப்பர்ல போட்டா ஆவாதா?”

கேட்டாரே ஒரு கேள்வி! ஆரம்பித்துவிட்டேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஓவியர்கள் இதைத்தான் யோசித்தார்கள். மரப்பலகை நெளியும், பூச்சி அரிக்கும். துணி தொய்ந்துபோகும். செம்புக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. தகட்டை உரசி, பூண்டை நசுக்கித் தேய்த்துவிட்டு (ஆமாம், ரசத்துக்குப் போடும் அதே பூண்டுதான், வண்ணம் பிடித்துக்கொள்வதற்காக) அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தால் நிறம் உள்ளே இழுக்காது, மேலேயே நின்று மினுங்கும். உள்ளங்கை அகலப் படத்தில் இமை மயிரை எண்ணலாம். பின்னால் புகைப்படம் வந்தபோதும் ஆரம்ப காலத்தில் மனித முகம் வந்து உட்கார்ந்த இடம் செம்புதான். தகட்டுக்கு வெள்ளி முலாம் பூசி, அதில் முகம் பிடித்தார்கள்.

தியாகதுருகம் வரும்வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அப்ப இரிடியம் இல்ல” என்றார். இறங்கும்போது மறுபடியும் ஒருமுறை பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டார்.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் செல்வம் காத்திருந்தார். பினாங்கில் என் பட்டறைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுபவர். வடக்கனந்தல்காரர். மகள் கல்யாணத்துக்காக எனக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டார். படத்தில் வண்ணம் முழுசாகக் காயாததால் நான் பின்னால் எடுத்து வருவதாக ஏற்பாடு.

“வந்துச்சாக்கா?” என்றார். என்னை நலம் விசாரிக்கவில்லை. படத்தைத்தான் கேட்டார்.

அவர் மனைவி ராசாத்தி, கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்துப் பெண். மகள் சுகந்தி குப்புற விழும் வயதில் இருந்தபோதே ராசாத்தி காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. ‘எடுக்கலாம் எடுக்கலாம்னு சொல்லிகினே இருந்தேங்க்கா’ என்று செல்வம் முதல் நாள் என் பட்டறையில் சொன்னபோது அவர் கையில் மைதா மாவு காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தையே பார்க்காத மகள், கல்யாணத்துக்கு முன்னால் ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். மூக்கு இன்னும் கொஞ்சம் சின்னது, நெற்றி இன்னும் கொஞ்சம் அகலம் என்று ஒவ்வொரு விடுமுறை நாளும் வந்து திருத்துவார். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் அந்த முகத்துக்கு உயிர் வந்தது. கடைசியில் ஒருநாள் பார்த்துவிட்டு, “இதான்க்கா. இவதான்” என்று சொல்லித் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

‘பொண்ணு படம் காட்டுங்களேன், அம்மா ஜாடை இருக்குமே’ என்று நான் கேட்காமல் இல்லை. ‘அவ என் ஜாடைக்கா. அத்தப் பாத்து வரைஞ்சா கொழம்பிடும்’ என்று முடித்துவிட்டார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ஊரில் ரொட்டியை விசிறி மாதிரி வீசி, பருப்புக் குழம்பைத் தெளித்துக் கொடுப்பார்கள். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, அது மூழ்கும் வரை சால்னாவை ஊற்றினார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. செல்வம் மட்டும் ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “எண்ண ஜாஸ்தி, வீச்சு கம்மி” என்று தீர்ப்புச் சொன்னார். கல்லுக்கு முன்னால் நின்றவர் காதிலும் அது விழுந்தது. நாங்கள் அவசரமாகக் கிளம்பினோம்.

ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரோடு பதினோராவதாகப் படத்தையும் திணித்துக்கொண்டு வடக்கனந்தல் போய்ச் சேர்ந்தேன். வாசலில் செல்வத்தின் அக்கா அஞ்சலை நின்றிருந்தார். தாயில்லாத சுகந்தியை வளர்த்தது இவர்தான். பக்கத்தில் கரும்புக் காடு, கோழிக் கூண்டு, பந்தல் கால் நடக் குழி தோண்டும் ஆட்கள்.

“பசியாறிட்டீங்களா?” என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டுவைத்தேன். அஞ்சலையக்காவுக்குப் புரியவில்லை. “வூட்டுக்கு வந்தவங்கள நான்தானே கேக்கணும், நீ கேக்கற?” என்று சிரித்தார்.

படத்தை அவர் கையில் கொடுத்தேன். முகத்தின் மேல் மெல்லிய தாள் வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, நூலால் கட்டியிருந்தேன். பின்பக்கம் வெறும் செம்பு. “அக்கா, படத்துமேல கை படக்கூடாது, தண்ணி படக்கூடாது” என்று சொன்னேன். ஒருமுறை சொன்னால் எனக்குத் திருப்தி வராது. மூன்று முறை சொன்னேன். என் பட்டறையில், பழைய சாமான் கடையில் வாங்கிய வெள்ளி முலாம் போட்ட செம்புப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. எந்த மகராசனோ தூசி துடைக்கிறேன் என்று விரலால் ஒரு இழு இழுத்திருக்கிறான். முகத்தில் பாதியைக் காணோம், அந்த இடத்தில் விரல் போன தடம்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து செம்பின் பக்கத்தில் யார் கையைக் கண்டாலும் எனக்கு நடுக்கம்.

“படையலுக்குத்தான் தொறப்போம்மா. மொதல்ல பொண்ணுதான் பாக்கணும்னு தம்பி சொல்லிட்டான். நான்கூடப் பாக்க மாட்டேன்” என்று பட்டுப்புடவைகளோடு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இந்தப் பக்கத்து வீடுகளில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குத்தான் படையல். நிறைசெம்பு வைத்து, புதுப்புடவை சார்த்தி, அவளிடம் உத்தரவு வாங்கிய பிறகுதான் மற்றது. அந்தப் படையலில்தான் ராசாத்தியின் முகம் திறக்கப்போகிறது. நாளை மறுநாள், விளக்கு வைக்கும் நேரம்.

சாயங்காலம் தையல் கடையிலிருந்து சுகந்தி வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, “வாங்க ஆன்ட்டி” என்றாள்.

நான் மாதக்கணக்கில் குனிந்து வரைந்த அதே நெற்றி. அதே சின்ன மூக்கு. அடடா, அம்மாவை அப்படியே உரித்துவைத்திருக்கிறாளே, நம் படம் பலித்துவிட்டதே என்று ஒரு கணம் துள்ளினேன். மறுகணம் அவள் வியர்வையைத் துடைத்தாள். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு.

“இது எப்படிம்மா வந்துச்சு?”

“இதுவா? ஸ்கூல் படிக்கும்போது சைக்கிள்ல வுழுந்தேன்.”

மூக்கு அம்மாவிடமிருந்து வரலாம். நெற்றி வரலாம். சைக்கிளில் விழுந்த தழும்பு எப்படி வரும்?

எனக்கு உட்கார முடியவில்லை. கோழிக் கூண்டுக்கும் கிணற்றுக்கும் நடந்தேன். செல்வம் ஒவ்வொரு இரவும் கடை அடுப்படியில் போனை நிறுத்திவைத்து மகளோடு வீடியோவில் பேசுவார். வருஷக்கணக்காகப் பார்த்த அந்த முகம், என்றைக்கோ கண்ணைவிட்டுப் போன முகத்தின் மேல் ஒரு பூச்சாக ஏறிவிட்டிருக்கிறது. அவருக்கே தெரியாமல் மகளைச் சொல்லியிருக்கிறார். நான் மகளை வரைந்திருக்கிறேன். நாளை மறுநாள் கல்யாணப் பெண் தன் முகத்தையே செத்தவள் இடத்தில் பார்க்கப்போகிறாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். செம்பில் ஒரு வசதி உண்டு, வண்ணம் உள்ளே ஊறாததால் கத்தி முனையால் வேண்டிய இடத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம். புருவத்தையாவது சரிசெய்யலாம். ஆனால் தகடு பீரோவில், சாவி அஞ்சலையக்கா இடுப்பில்.

சுகந்தியோ எதுவும் தெரியாமல், ஜாக்கெட்டை மேலே வைத்துக் காட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். “அம்மா மூஞ்சிய காட்டப்போறேன்னு அப்பா ஒரே ஆட்டம். எனக்கு இன்னா தோணுது தெரியுமா ஆன்ட்டி? அவருக்கு என் மூஞ்சியே ஞாபகம் இருக்காது. போன்ல பேசும்போதுகூட அடுப்பப் பாத்துகினேதான் பேசுவாரு. ரொட்டி தீஞ்சிடுமாம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் செல்வமும் நானும் கரியாலூருக்குப் புறப்பட்டோம். ராசாத்தியின் தங்கை சின்னப்பொண்ணை நேரில் போய் அழைக்க வேண்டும். காதல் கல்யாணம் என்பதால் இரண்டு வீட்டுக்கும் ஒட்டு உறவு இல்லாமல் போயிருந்தது. தனியாகப் போகச் செல்வத்துக்குப் பயம். எனக்கு வேறு காரணம் இருந்தது. ராசாத்தி உண்மையில் எப்படி இருப்பாள் என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருந்த ஆள் அந்தத் தங்கைதான்.

பினாங்கில் மலைக்கு நாங்கள் ரயிலில் ஏறுவோம். கண்ணாடி வழியாக வேடிக்கை பார்ப்பதற்குள் உச்சி வந்துவிடும். இங்கே பேருந்து ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெருமூச்சு விட்டது. பாதி வழியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி, பீடி பற்றவைத்துக்கொண்டார்.

“எப்பங்க கெளம்பும்?” என்று கேட்டேன்.

“அது கெளம்பனா இது கெளம்பும்.”

பொறுத்தார் பூமி ஆள்வாராம். நான் ஆளப் பிறந்தவள் இல்லை. இறங்கி நடக்க ஆரம்பித்தேன். செல்வம் பின்னாலேயே ஓடிவந்தார். மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கமிருந்து வந்து, லாரியைத் தாண்ட முடியாமல் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சின்ன வேனில், காலிக் கோணிகளின் மேல் எங்களை ஏற்றிக்கொண்டார்கள்.

“செல்வம், அந்தப் புருவ வெட்டு...” என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஆமாக்கா! அதான் டாப்பு. அத்தப் போட்டவுடனே என்னிய பாத்து பேசறாப்புல ஆயிடுச்சி” என்றார். முகமெல்லாம் மழையும் சந்தோஷமும். நான் வாயை மூடிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு மறுபடி வாயைத் திறந்தேன், மறுபடி மூடிக்கொண்டேன்.

கரியாலூரில் அருவிக்கு வந்த கூட்டம் ஈரத் துணியோடு பஜ்ஜிக் கடையைச் சூழ்ந்திருந்தது. அதைத் தாண்டி மண்பாதையில் இறங்கினால் சின்னப்பொண்ணின் வீடு. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். செல்வத்தைப் பார்த்தார். முறம் நிற்கவில்லை.

“வழி தெரிஞ்சிதா மாமா?” என்றார்.

செல்வம் தாம்பூலத் தட்டை நீட்டினார். அவர் வாங்கவில்லை. “மொதல்ல சோறு துன்னுங்க. சண்டைய அப்புறம் வெச்சிக்கலாம்.”

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். காரம் உச்சியில் ஏறியது. நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கியதில் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அதற்குப் பிறகு சண்டை. “கொழந்த பொறந்தத பாக்க வந்தோம். அக்கா செத்தப்ப வந்தோம். அதுக்கப்புறம் எங்கள யாரு கூப்ட்டா? மலைக்காரங்க வந்தா உங்க வூட்டு வாசப்படி தேஞ்சிடுமா?” செல்வம் தட்டை மறுபடி நீட்டினார். கடைசியில், “அக்கா படம் இருக்குதுன்னு சொல்ற. அதுக்காவ வரேன். உனக்காவ இல்ல” என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “உங்க அக்கா புருவத்துல வெட்டு ஏதாச்சும் இருந்துச்சாங்க?”

“வெட்டா? எதுக்கு வெட்டு? எறும்பு வரிசையாட்டம் இருக்கும் எங்கக்கா புருவம்.”

போச்சு. “வேற எப்படி இருப்பாங்க? சொல்லுங்களேன்.”

“எப்படின்னா இன்னா சொல்றது? பாத்தா இவதான்னு சொல்லிடுவேன். வாயால சொல்லத் தெரியாது.” ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். “முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். அதனால பேசும்போது கையால வாய மூடிக்குவா. சிரிச்சாலும் மூடிக்குவா.”

பின்னால் செம்பில் தண்ணீரோடு செல்வம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. “அட, ஆமா” என்றார். “ஆமாக்கா. வாய மூடிக்குவா. அத்த நான் உங்ககிட்ட சொல்லவே இல்லியே.”

அன்றைக்கு இறங்குவதற்குப் பேருந்து இல்லை. மறுநாள் காலையில் மூவரும் கிளம்பினோம். வழியெல்லாம் செல்வம் தன் வாயைத் தானே மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். “வேற இன்னா வுட்டுட்டேன்? இன்னும் இன்னாலாம் வுட்டுட்டேன்?” என்று நடுநடுவே கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். “பரவால்லக்கா. பல்லு போனா போவுது. மூஞ்சி வந்துச்சில்ல, அது போதும்” என்றார். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

வீட்டு வாசலில் ஏறியதும் என் கண் கிணற்றடிக்குப் போனது. குடம், சொம்பு, தாம்பாளம் எல்லாம் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது. வெயிலில் கண் கூசியது. வரிசையின் கடைசியில், ஒரு வாழையிலை மேல், கையகலத்துக்கு ஒரு தகடு. புதுக் காசு மாதிரி மின்னியது.

“அய்யோ! அக்கா! என்ன பண்ணிட்டீங்க?” நான் கத்திய கத்தலில் பந்தல்காரர் ஏணியைவிட்டு இறங்கிவிட்டார்.

அஞ்சலையக்கா புளிக்கோதோடு நிமிர்ந்தார். “எதுக்கும்மா இப்படிக் கூவற? படத்தத் தொடக்கூடாதுன்ன, நான் தொட்டனா? துணியப் பிரிக்கல. தண்ணி உடல. பின்பக்கத்தத்தான் தேய்ச்சேன். கருப்பா, களிம்பு புடிச்சிக் கெடக்குது. களிம்போட படையல்ல வெச்சா அவ மூஞ்சியத் திருப்பிக்க மாட்டாளா?”

ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். துணி ஈரமில்லை, நூல் முடிச்சு நான் போட்டது போட்டபடி. பினாங்குக் கடற்காற்றில் பச்சை பூத்துப்போயிருந்த பின்புறம் மட்டும் சிவக்கச் சிவக்கத் துலங்கியிருந்தது. என் பட்டறையில் இரண்டு நாள் தேய்த்தாலும் நான் இப்படிக் கொண்டுவந்திருக்க மாட்டேன்.

“இத பாரு” என்று அவர் அதோடு நிற்கவில்லை. “படத்துமேல கை படக்கூடாதுன்னா, மஞ்ச குங்குமம் எப்படி வெக்கறது? பொட்டில்லாம பூவாடைக்காரி உண்டா? அதனால பின்பக்கத்த முன்னாடி வெச்சி, இதுலயே பொட்டு வெச்சிடலாம்னு இருக்கறேன். பொண்ணு வேணா எட்டிப் பாத்துக்கட்டும்.”

முகம் சுவரைப் பார்த்து, வெறும் செம்பு வீட்டைப் பார்த்து! என் வாழ்நாளில் யாரும் என் படத்தை இப்படி மாட்டியதில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு அந்த அம்மாள் காலில் விழலாம் போல இருந்தது. இப்படியே இருந்துவிட்டால் போதும், யாரும் பார்க்காமல் படையல் முடிந்துவிட்டால் நான் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். “நீங்க சொல்றதுதான் சரி அக்கா. அப்படியே வைங்க” என்றேன். அவரே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

விளக்கு வைத்தார்கள். நிறைசெம்பு, மஞ்சளில் நனைத்த புதுப்புடவை, கொழுக்கட்டை, நடுவில் சுவரில் சாய்த்த செம்புத் தகடு. அஞ்சலையக்கா அதில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். விளக்கின் சுடர் அதில் ஆடியது. எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும்தான். என் வேண்டுதல் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

செல்வம் எழுந்தார். “சுகந்தி, இங்க வாம்மா. உங்கம்மாவப் பாரு.”

“செல்வம், வேண்டாம். அப்படியே இருக்கட்டுமே” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

“இதுக்குத்தானேக்கா இத்தன வருஷம்” என்று தகட்டை எடுத்து, நூலை அறுத்து, துணியை விலக்கி, விளக்கருகே பிடித்தார்.

பேருந்தில் ஒருவருக்கு நான் பெருமையாகச் சொன்ன மினுக்கம் அந்த முகத்தில் இருந்தது. நெற்றி, மூக்கு, புருவத்தில் வெட்டு.

“அப்பா” என்றாள் சுகந்தி. “இது நானு.”

சின்னப்பொண்ணு கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “எங்கக்கா இல்ல மாமா இது” என்றார். திட்டக் காத்திருந்தவர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

“உசுரோட இருக்கற பொண்ண படையல்ல வெச்சிட்டியேடா பாவி!” என்று அலறிக்கொண்டு அஞ்சலையக்கா தகட்டைப் பிடுங்கினார். அதைத் திருப்பினார். துலக்கிய பக்கம், அதில் மஞ்சள், அதில் குங்குமம். அவர் கை அப்படியே நின்றது. “இல்ல, வெக்கல” என்று மூச்சு விட்டார். “தெய்வமே, நான் வெக்கல. இந்தப் பக்கத்துக்குத்தான் பொட்டு வெச்சேன். இந்தப் பக்கத்தத்தான் கும்ட்டோம்.”

செல்வம் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப இத்தினி வருஷமா நான் யார நெனச்சிகினு இருந்தேன்?” என்றார். “ராத்திரிக்கி ராத்திரி கண்ண மூடனா வருவாளே. அவ இல்லியா அது? அவ எங்க போனா?” பெரிய ஆம்பளை, ஊரே கூடியிருக்கும் வீட்டில், வாய்விட்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. அவர் மனதில் இருந்ததை எடுத்து வெளியே வைத்தவள் நான். பேசாமல் இருந்திருந்தால் கண்ணை மூடும்போதாவது அவருக்கு மனைவி இருந்திருப்பாள்.

சுகந்தி அத்தையின் கையிலிருந்து தகட்டை வாங்கினாள். படப் பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். விரல் நுனி புருவத்துக்குப் போனது. தகட்டின் புருவத்துக்கு இல்லை, தன் புருவத்துக்கு.

“அப்பா. நீ அடுப்பப் பாத்துகினுதானே பேசுவ? இத்த எப்பப் பாத்த?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். “நான் இன்னாலாமோ நெனச்சிகினு இருந்தேம்பா” என்றாள்.

சின்னப்பொண்ணு மூக்கைச் சிந்திவிட்டு, “உங்கம்மாவப் பத்தி நான் சொல்றேன் வா. பல்லு கதைல ஆரம்பிக்கறேன்” என்று கொழுக்கட்டைத் தட்டை இழுத்துக்கொண்டு அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். செல்வமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒருதரம் சிரித்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாம்பாரில் மட்டும் பெருங்காயம் ஜாஸ்தி. நான் விடைபெறும்போது சுகந்தி அதே துண்டில் சுற்றிய பொட்டலத்தை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

“நீயே எடுத்துகினு போப்பா. அடுப்புக்கு மேல மாட்டிக்கோ. அப்பவாச்சும் என்னிய நேரா பாப்ப.”

மாட்டியிருக்கிறார். பினாங்கில் என் பட்டறைக்குக் கீழே இருக்கும் அதே கடையில், ரொட்டிக் கல்லுக்கு மேலே. எண்ணெய்ப் புகை படிவதால் படப் பக்கத்தை வாரம் ஒருமுறை நான்தான் பஞ்சால் துடைக்கிறேன், வேறு யாரையும் தொட விடுவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் செல்வம் அதைக் கழற்றித் திருப்புவார். பின்பக்கத்தைப் புளி போட்டுத் துலக்கி, மஞ்சள் பூசி, பொட்டு வைப்பார். அந்தப் பக்கத்தில் முகம் எதுவும் இல்லை. அதைப் பார்த்துப் பேசும்போது, அவர் கையால் வாயை மூடிக்கொள்கிறார்.